பயப்படுவதற்கு ஒரு விதிப்புத்தகம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு நகைக்கடைக்கு மேலே குடியிருந்தோம்: நான், என் மச்சான், பெட்ரோல் ஷெட்டில் வேலை செய்த ஓர் அண்ணை. சனிக்கிழமை மத்தியானங்களில் ஹவுன்ஸ்லோவிலிருந்து ஒரு நண்பனும் வருவான். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவன். அவன் வந்துவிட்டால் சீட்டுத்தான். எனக்குச் சீட்டு சுட்டுப்போட்டாலும் வராது. நாலாவது கை இல்லை என்று என்னையும் இருத்தி, தோற்றதற்கெல்லாம் என்னையே திட்டுவார்கள்.

கல்லூரியில் ஒரு வெள்ளைக்காரப் பெடியன் எனக்குப் பேய்க்கதை விளையாட்டைப் பழக்கியிருந்தான். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் கதைக்குள் இருக்கும் ஆட்களாகித் தாயக்கட்டை உருட்ட வேண்டும். இதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் சீட்டிலிருந்து தப்பலாம் என்று நினைத்தேன். அண்ணை நிபந்தனை வைத்தார்.

"ஒராளெண்டாலும் பயப்பட வேணும். இல்லாட்டி சீட்டுத்தான்."

அந்த விளையாட்டுக்குப் பல விதிப்புத்தகங்கள் இருந்தன; எதை எடுப்பது என்பது எனக்கு உயிர்ப்பிரச்சினையாகிவிட்டது.

முதல் புத்தகத்தில் ஆளுக்கொரு மனத்திடம், ஓர் எண்ணாக. பயங்கரத்தைக் கண்டால் குறையும், பூச்சியமானால் பைத்தியம். பாழடைந்த மாளிகை, மாடியில் சத்தம் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். மூன்று பேரும் நேரே நிலவறைக்குள் இறங்கிவிட்டார்கள்.

"அங்கைதான் பேய் இருக்கு," என்றேன்.

"இருக்கட்டும். ஊரிலை மேலை பிளேன் சத்தம் கேட்டா பங்கருக்குள்ளைதானே இறங்கிறது," என்றார் அண்ணை. "அதைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லு."

நிலவறையில் ஒரு பிணம் கிடந்தது. மச்சானை மனத்திடத்தைக் குறைக்கச் சொன்னேன்.

"ஒரு பிணத்துக்கோ? அப்பிடிப் பாத்தா நான் லண்டனுக்கு வரேக்கையே பூச்சியம்."

அடுத்த சனி வேறு புத்தகம். அதில் பேயோடு சண்டை பிடிக்கலாம். இவர்களோ ஊரில் இடம்பெயர்கிற மாதிரி அடையாள அட்டையை எடுத்து, சோற்றைப் பார்சல் கட்டி, பின்கதவால் பக்கத்து ஊருக்குப் போய்விட்டார்கள். மாளிகையில் நானும் பேயும் மிஞ்சினோம். எனக்கு வெறுத்துப்போனது.

மூன்றாம் சனி முதல் புத்தகத்துக்கே திரும்பி, ஒரு விதியை நானே சேர்த்தேன். எதற்குப் பயம் என்று அவரவரே சொல்ல வேண்டும்.

"கரப்பான் எண்டு போடு," என்றார் அண்ணை.

"அண்ணையின்ரை சமையல்," என்றான் மச்சான்.

ஹவுன்ஸ்லோக்காரன் வாய் திறக்குமுன் நடையில் இருந்த போன் அடித்தது.

போர் நடந்த அந்த நாட்களில் ஊரில் போன் இல்லை; ஊர்ச் செய்தி கொழும்பிலிருந்துதான் வரும். நல்ல செய்தி சொல்ல ஒருவரும் அவ்வளவு செலவழிப்பதில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் எழும்பவில்லை. அண்ணை தாயக்கட்டையை நடுவில் வைத்தார்.

"குறைய விழுந்தவன் எடுக்கட்டும்."

நான்கு பேரும் உருட்டினோம். அவருக்கே குறைய விழுந்தது. போய் எடுத்து, காதோடு அழுத்திக் கேட்டார்.

"நோ மினிகாப்," என்றார் போனுக்குள், யாரோ வாடகைக் கார் கேட்டிருக்கிறார்கள். "ரோங் நம்பர்."

திரும்பி வந்து உட்கார்ந்தார். மூன்று பேரும் தாங்களாகவே பென்சிலை எடுத்து மனத்திடத்தைக் குறைத்தார்கள். மச்சான் பூச்சியமே போட்டிருந்தான்.

நான் வென்றுவிட்டேன். ஆனால் அன்றைக்குச் சீட்டுக்கட்டை எடுத்து வந்தது நான்தான்.