மேடைக்கு அழைத்தவள்

தெனாலியில் கால்வாய்க்கரைச் சாலையில் ஒரு விறகுக் கடையின் மாடியில் எங்கள் தையல் கூடம் இருந்தது. பள்ளிச் சீருடைதான் எங்கள் வேலை. ஆறு பெண்கள், ஆறு பேருமே விதவைகள். ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆறு பேருக்கும் எச்.ஐ.வி. இருந்ததும், குண்டூர் பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கும் வரிசையில்தான் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதும் அந்த மாடியை விட்டு வெளியே போகவில்லை.

எங்களைச் சேர்த்தது சேஷுரத்னம் அக்கா. புருஷன் லாரி ஓட்டியவர். அவர் போனதும் மாமியார் வீட்டில் அவளுடைய தட்டையும் தம்ளரையும் தனியாக வைத்தார்கள். பிறகு அவளையே தனியாக அனுப்பிவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த தையல் மெஷினை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு தெனாலி வந்து சேர்ந்தாள். மாத்திரை வரிசையில் யார் சுவரைப் பார்த்துத் திரும்பி அழுகிறார்கள் என்று கவனிப்பாள். பக்கத்தில் போய் உட்காருவாள். பேரைக்கூடக் கேட்க மாட்டாள்.

"தைக்கத் தெரியுமா?" என்றாள் என்னிடம்.

"தெரியாது."

"அழத் தெரியுதுல்ல. அதை மட்டும் யாராவது சொல்லிக் குடுத்தாங்களா? இதுவும் வந்துரும், எந்திரி."

அவள் செய்த மற்ற வேலைகளைப் பற்றி அவள் பேச மாட்டாள். சொந்தக்காரர்கள் தொடப் பயந்த உடம்புகளைக் குளிப்பாட்டி அனுப்பி வைத்தாள். அப்பா அம்மா இரண்டு பேரையும் இழந்த ஒரு பையனைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்ற தலைமையாசிரியரின் வீட்டு வாசலில், அவர் மனைவி வெட்கப்பட்டுக் கதவைத் திறக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். படுத்த படுக்கையாகிவிட்ட ஆண்களுக்குச் சோறு ஊட்டும்போது, "உன் பொண்டாட்டிகிட்ட மன்னிப்பு கேட்டியா? கேட்டுட்டு வாயைத் திற" என்பாள். கேட்காதவனுக்கும் ஊட்டத்தான் செய்வாள்.

எங்களில் அதிகம் பேசாதவள் மாணிக்யம். காலர் தைப்பதில் அவளுக்கு இணை கிடையாது. அவளுக்கு ஒரே மகள் ஸ்வர்ணா. ரேபல்லியில் உரக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் கொடுத்திருந்தாள். பேரன் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தான். கணவர் மஞ்சள் காமாலையில் போனார் என்று சம்பந்தி வீட்டில் சொல்லியிருந்தாள். மகளிடமும் அதையேதான் சொல்லியிருந்தாள். அம்மா விழுங்கும் மாத்திரை பி.பி.க்கு என்று மகள் நம்பிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊர் மகளிர் மண்டலியில் ஒவ்வொரு மார்ச் மாதமும் நான்கு பெண்களுக்குச் சால்வை போட்டு மரியாதை செய்வார்கள். தொழிலுக்கு ஒருவர், விஞ்ஞானத்துக்கு ஒருவர், வைத்தியத்துக்கு ஒருவர், சமூக சேவைக்கு ஒருவர். அந்த வருஷம் மண்டலியின் தலைவி ஹைமாவதி அம்மா மூச்சு வாங்க எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்.

"சேஷுரத்னம், சேவைக்கு இந்த வருஷம் உன் பேருதான். வேண்டாம்னு சொல்லாதே, எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு."

"நான் என்ன சேவைம்மா செஞ்சேன்? டவுசர் தைக்கிறேன்."

"என்ன செஞ்சேன்னு என்கிட்டயே கேக்கறியா?" அவருடைய தம்பியைக் கடைசியில் குளிப்பாட்டியவள் அக்காதான். அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அக்கா கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "விதவைங்களோட தையல் கூடம்னு மட்டும்தான் சொல்லணும். வேற ஒரு வார்த்தை வரக் கூடாது. அப்படின்னா வரேன்."

"அந்த வார்த்தை என் வாயிலேர்ந்து வருமா? எனக்குத் தெரியாதா?" என்றார் ஹைமாவதி அம்மா. சொன்னபடியே அவர் வாயிலிருந்து வரவும் இல்லை.

அந்த வாரம் முழுக்கக் கூடத்தில் ஒரே கேலி. "அக்கா, அந்தச் சுண்ணாம்புக் கலர் சேலையை மட்டும் கட்டிக்கிட்டுப் போகாதே. சாமியாரம்மா மாதிரி இருக்கே" என்றேன்.

"சாமியாருக்குத்தானே சால்வை போடுவாங்க" என்றாள்.

மாணிக்யம் தன்னுடைய மாம்பழ நிற மங்களகிரிச் சேலையை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து அக்காவின் மெஷின் மேல் வைத்தாள். "இது கட்டுக்கா. என் பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்தது. ராசியான சேலை."

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மிளகாய்க்குக் குளிர்பதனக் கிடங்கு நடத்தும் அம்மாள் ஒருவர், பூச்சி அண்டாத நெல் ரகத்தைக் கண்டுபிடித்த ஆராய்ச்சிக்காரர் ஒருவர், குண்டூரிலிருந்து வந்த ஒரு லேடி டாக்டர், கடைசியில் எங்கள் அக்கா. அந்த டாக்டர்தான் எங்களுக்கு மாத்திரை எழுதிக் கொடுப்பவர். நல்ல மனுஷி. மற்ற டாக்டர்கள் கையுறை போட்டுக்கொண்டு எட்டி நிற்கும்போது இவர் வெறும் கையால் நாடி பிடிப்பார்.

அக்காவுக்குச் சால்வை போட்டதும் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "இது என் ஒருத்தி வேலை இல்லைங்க. என் தங்கச்சிங்க கீழ உக்காந்திருக்காங்க. அவங்க வராம நான் மட்டும் இதைப் போர்த்திக்கிறது சரியில்லை" என்றாள். எங்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூப்பிட்டாள்.

முதலில் எழுந்தவள் மாணிக்யம். எப்போதும் பின்னால் நிற்பவள், முந்தானையைச் சரிசெய்துகொண்டு எனக்கு முன்னால் படி ஏறினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நாங்கள் ஆறு பேரும் வரிசையாக நின்றோம். ஆட்கள் கைதட்டினார்கள். அப்போது டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து மைக்கை வாங்கினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இவங்க யாருன்னு உங்களுக்குச் சொல்லலை. நான் சொல்றேன், ஏன்னா இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்லை" என்றார். சொல்லிவிட்டார். நோயின் பெயரைச் சொன்னார். புருஷன்களிடமிருந்து வந்ததைச் சொன்னார். செத்துப்போக வேண்டியவர்கள் உங்கள் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கிறார்கள் என்றார்.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிலர் அழுதார்கள். போட்டோ எடுக்கிறவர்கள் முன்னால் வந்தார்கள். மாணிக்யத்தின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. சில்லென்று ஈரமாக இருந்தது. அக்கா மட்டும் கூட்டத்தைப் பார்க்கவில்லை, மாணிக்யத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பேப்பரில் ஜில்லாப் பக்கத்தில் எங்கள் படம் வந்தது. படத்துக்குக் கீழே எல்லாமே எழுதியிருந்தது. மாணிக்யம் வழக்கம்போல வந்து மெஷினில் உட்கார்ந்து காலர் தைத்தாள். மத்தியானம் போன் வந்தது. மாப்பிள்ளை கோட்டேஸ்வர ராவ்.

"அத்தம்மா, பேப்பர்ல இருக்கிறது நீங்களா?"

"ஆமா பாபு" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்துவிட்டார்.

"என்னத்துக்குடி ஆமான்னு சொன்னே?" என்று கேட்டேன்.

"என் முகம்தானே பிச்சம்மா அது" என்றாள்.

ஸ்வர்ணாவையும் குழந்தையையும் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனார்கள். இருவருக்கும் ஒன்றுமில்லை. அதன் பிறகாவது சரியாகும் என்று நினைத்து அக்காவும் நானும் பாசஞ்சர் ரயிலில் ரேபல்லி போனோம்.

ஸ்வர்ணாவின் மாமியார் சாம்ராஜ்யம் அம்மா எங்களை விரட்டவில்லை. நாற்காலி போட்டார், மோர் கொடுத்தார். எங்களுக்குப் பிளாஸ்டிக் கப்பில் வந்தது, அவர் எவர்சில்வர் தம்ளரில் குடித்தார். அக்கா அதைப் பார்த்தும் பார்க்காதவள் போல மோரைக் குடித்தாள்.

"அந்தப் பொண்ணு என்னம்மா தப்பு செஞ்சா? அவ அம்மாவும்தான் என்ன செஞ்சா?" என்று கேட்டாள் அக்கா.

"நான் தப்புன்னு சொன்னேனா? என் சின்னப் பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கேன். தெருவுல எங்க வீட்டுத் தண்ணி குடிக்க மாட்டேங்கறாங்க. கடைக்கு வர்ற விவசாயி பையைத் தூரத்துலேர்ந்து தூக்கிப் போடச் சொல்றான். மருமகளை நான் அனுப்பலை. என் பையன் பிரியப்பட்டுக் கட்டினவ, இங்கதான் இருப்பா. ஆனா அவ அம்மா இந்தப் படி ஏற வேண்டாம். இதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க." அவர் குரலில் இருந்ததைக் கோபம் என்று சொல்ல முடியாது.

உள் அறை வாசலில் ஸ்வர்ணா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "எனக்குக்கூடச் சொல்லலையே பெரியம்மா. பி.பி.ன்னு சொன்னாளே. இவனைத் தூக்கி எத்தனை முத்தம் குடுத்தா."

"முத்தத்துல வராதும்மா" என்றாள் அக்கா.

"தெரியும். டாக்டர் சொன்னாரு. தெரிஞ்சும் பயமா இருக்கு, நான் என்ன பண்றது?" குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள். "வர வேண்டாம்னு சொல்லுங்க. போனும் பண்ண வேண்டாம். பண்ணினா எடுத்துருவேன், அப்புறம் இங்க சண்டை வரும்."

திரும்பும் வழியெல்லாம் அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மாணிக்யத்திடம் ஏதாவது மாற்றிச் சொல்லலாம் என்றேன். கேட்கவில்லை. எல்லாவற்றையும் அப்படியே சொன்னாள். மாணிக்யம் கடைசிவரை கேட்டுவிட்டு, "அவளை வீட்டை விட்டு அனுப்பலைல்ல?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றதும், "அது போதும்" என்றாள்.

போதவில்லை என்பது மழைக்காலத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. மாணிக்யத்துக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. வாய்க்குள் வெள்ளையாகப் படர்ந்து எச்சில் விழுங்க முடியாமல் போனது. அக்கா தாடையைப் பிடித்துத் திருப்பி, "மாத்திரை சாப்பிடறியா இல்லையா?" என்றாள்.

"விட்டுட்டேன்க்கா. ரேபல்லி போயிட்டு வந்தீங்களே, அப்பவே."

அக்கா அவளை அறையப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ கீழே உட்கார்ந்து மாணிக்யத்தின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு தேய்க்கத் தொடங்கினாள். அன்றைக்கே தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். மறுபடியும் மாத்திரை ஆரம்பித்தார்கள். பருப்புச் சோற்றைக் கூழாகக் கரைத்து ஊட்டினாள். நெய் சேர்க்கிறாள் என்று மாணிக்யம் திட்டுவாள், அதைக் கேட்டு அக்கா இன்னும் கொஞ்சம் சேர்ப்பாள். ஆனால் அதற்குள் காசநோய் மூளைவரை போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்த லேடி டாக்டர் தினமும் வந்தார். ஒருநாள் வார்டுக்கு வெளியே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லதுன்னு நினைச்சுத்தான் சொன்னேன் சேஷுரத்னம்" என்று அழுதார்.

"நானும் நல்லதுன்னு நினைச்சுத்தாம்மா கூப்பிட்டேன்" என்றாள் அக்கா.

மாணிக்யம் மகளின் பெயரை எடுக்கவே இல்லை. நாங்கள் எடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கடைசியாகத் தெளிவாகப் பேசிய அன்று, அக்கா தலை வாரிக்கொண்டிருந்தபோது, "மேடை நல்லா இருந்துச்சுக்கா. எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்கல்ல?" என்றாள். அக்காவின் கையில் சீப்பு அப்படியே நின்றது.

"நின்னாங்க" என்றாள்.

அவள் போனதும் ரேபல்லிக்குச் சொல்லி அனுப்பினோம். யாரும் வரவில்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் சுடுகாட்டில் அக்காதான் கொள்ளி வைத்தாள். சடங்கு நடத்த வந்தவர் பெண் வைக்கக் கூடாது என்று முனகினார். "அப்ப நீங்க வைங்க" என்றாள். அவர் ஒதுங்கிக்கொண்டார்.

இரண்டு பள்ளிகள் சீருடை கொடுப்பதை நிறுத்தின. மற்றவை நிறுத்தவில்லை. ஒரு தலைமையாசிரியை முன்பைவிட அதிகமாகவே கொடுத்தார். அக்கா எதற்கும் முகம் மாறவில்லை. எங்களில் ஒருத்திகூட அவளைக் குறை சொல்லவில்லை. யாராவது சொல்லியிருந்தால் அவளுக்கு இலேசாகியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

சங்கராந்தி முடிந்து ஒருநாள் மாடிப்படியில் ஸ்வர்ணா வந்து நின்றாள். பையன் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். அம்மாவின் மெஷின் எது என்று கேட்கவில்லை. நேராக அக்காவிடம் போனாள்.

"பெரியம்மா, அம்மா என்மேல கோபமாப் போனாளா?"

அக்கா தைத்துக்கொண்டிருந்த பாவாடையை மடியிலிருந்து எடுத்து வைத்தாள். "உன்மேலயா? தினமும் உன் பேச்சுதான். நீ அங்க நிம்மதியா இருக்கணும், அது ஒண்ணுதான் அவ கவலை. கோபம் எல்லாம் என்மேலதான். நான் கூப்பிடாம இருந்திருந்தா இதெல்லாம் நடந்திருக்காதுன்னு கடைசிவரைக்கும் சொல்லிச் சொல்லித்தான் போனா."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

ஸ்வர்ணா நின்றபடியே அழுதாள். பிறகு அவள் அழுகை கோபமாக மாறியது. "ஏன் கூப்பிட்டீங்க? நீங்க மட்டும் வாங்கிட்டு இறங்கி வந்திருக்கக் கூடாதா? எங்கம்மா கேட்டாளா மேடையை?"

"கேக்கலை" என்றாள் அக்கா.

"உங்களை அம்மா மன்னிக்கலைன்னா நானும் மன்னிக்க மாட்டேன்."

"சரிம்மா."

பையனைத் தூக்கிக்கொண்டு அவள் இறங்கிப் போனாள். படியில் அவள் செருப்புச் சத்தம் நின்றபிறகு நான் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எதுக்கு இந்தப் பொய்? மாணிக்யம் உன்னை ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

"அவ சின்னப் பொண்ணுடி. அம்மாவைப் பாக்க வராமப் போனதை எத்தனை வருஷம் சுமப்பா? யார்மேலயாவது கோபப்பட்டாத்தான் தூங்க முடியும். என்மேல பட்டுக்கட்டும்" என்றாள். பாவாடையை மறுபடியும் மடியில் எடுத்துப்போட்டு ஊசியில் நூலைக் கோர்க்கப் பார்த்தாள். நூல் ஊசிக்குள் நுழையவில்லை. மெதுவாக அதை என் கையில் கொடுத்துவிட்டு, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.