சாவு வீட்டுக்கு முதல் ஆள்

என் அக்காள் புருஷன் தங்கையாவைப் பற்றி எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுத்தான். "சாவு வீட்டுக்கு மொத ஆளா வந்து நிப்பாரு. தங்கமான மனுசன்லா." ஏழு வருஷம் அந்தத் தங்கத்தை என் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து, பிரிஞ்சாங், லெம்பா பெர்த்தாம், கம்போங் ராஜா என்று சாவு விழுந்த இடமெல்லாம் கொண்டுபோய் இறக்கியவன் நான். அவர் எதற்கு வந்தார் என்று எனக்குத் தெரியும். என்னிடம் யாரும் கேட்டதில்லை.

மச்சானுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாடவைக்கிற மேல்மாடி அவருடையது. கை கொழுந்தைக் கிளறும், வாய் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். பாட்டு கட்டுகிற ஆள். மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் புதுப்பாட்டு, கல்யாணத்துக்கு வாழ்த்துப்பாட்டு, கணக்கெழுதுகிற கிராணி மாற்றலாகிப் போனால் அதற்கும் ஒன்று. வானொலிக்கும் அனுப்புவார். ஒரே ஒரு தடவை அவர் பெயரை மட்டும் வாசித்தார்கள், பாட்டை வாசிக்கவில்லை. அதற்கே லயத்து வரிசையில் வீடு வீடாக மிட்டாய் கொடுத்தார்.

உட்கார்ந்த இடத்தில் இருக்கமாட்டார். சோறு போட்டால் பாதியில் எழுந்து போய்க் கதவில் கரித்துண்டால் ஒரு வரி எழுதிவிட்டு வருவார். அதற்குள் சோறு ஆறிப்போகும். இந்த மலைக் குளிரில் ஆறிய சோற்றை மனிதன் தின்ன முடியாது. அக்கா மறுபடி சூடு பண்ணுவாள். அவள் பெயர் நவமணி. கொழுந்து எடுக்கிற கேங்கில் வேலை.

அவரிடம் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. முன்பக்கத்திலிருந்து அவர் பாட்டுகள். நோட்டைத் திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்திலிருந்து மற்றவர்கள் பாட்டுகள். அதற்கு அவர் வைத்த தலைப்பு, 'நான் எழுதியிருக்க வேண்டியவை.' பிரிஞ்சாங் மார்க்கெட்டில் ரஞ்சிதம் என்கிற பொம்பளை முட்டைக்கோஸ் விற்கக் கூவுகிற நாலு வரி அதில் இருக்கும். ஈப்போவிலிருந்து வந்த லோரிக்காரர் ஒருவர் பாடிய காவடிப்பாட்டு இருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் கட்டியவர் பெயரை எழுதிவைப்பார். ஒரு சொல்லைக்கூடத் திருடமாட்டார். அந்த யோக்கியம் உண்டு. ஆனால் வயிறெரிவார். "இத்தன நாளு இந்த மார்க்கெட்டுல நடந்தேனே மாப்ளே, இந்த வரி எங் கண்ணுல படலியே" என்று என் முதுகில் குத்துவார். மோட்டார் ஓட்டுகிறவனை!

எழுபத்து நாலாம் வருஷம் ராமசாமி இறந்தார். மருந்தடிக்கிற கேங்கில் இருந்தவர். அவர் பெண்டாட்டி அம்மாக்கண்ணும் அக்காவும் ஒரே நிரையில் கொழுந்து எடுப்பவர்கள். ராமசாமிக்கு ஒரு பழக்கம். தன் வேலை முடிந்ததும் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு வந்து நிற்பார். அம்மாக்கண்ணு மேட்டிலிருந்து இறங்கி வந்ததும் முதுகுக் கூடையைத் தூக்கி இறக்கிவைத்துவிட்டுத்தான் பீடி பற்றவைப்பார். மற்ற ஆம்பளைகள் கேலி பண்ணுவார்கள். அவர் காதில் வாங்கமாட்டார்.

அவர் பிணத்தின் முன்னால் அம்மாக்கண்ணு ஒப்பாரி சொன்னது இது.

"மலையெறங்கி நான் வாறேன்
மஞ்சு மூடி நிக்குதய்யா
கூடையெறக்க ஆளு வரும்னு
கொழுந்து வாட நிக்கேனய்யா"

இதற்கு மேல் மச்சானுக்குக் கேட்கவில்லை. தப்பு அடிக்கிறவர்கள் அந்த நேரம் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். அவள் வாய் அசைகிறது, பொம்பளைகள் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள், இவருக்கு ஒரு சொல் விழவில்லை. இடுகாட்டுக்குப் போகிற வழியெல்லாம் தப்புக்காரர்களைத் திட்டிக்கொண்டே வந்தார்.

பதினாறு முடிந்ததும் நேராக அம்மாக்கண்ணு வீட்டுக்குப் போய், "மிச்சத்தச் சொல்லுக்கா, எழுதிக்கிறேன்" என்று நோட்டை விரித்தார். நான் வாசலில் நின்றேன். அவள் விளக்குமாற்றை எடுக்காததுதான் பாக்கி.

"சாவு விழாத வீட்டுல ஒப்பாரி சொல்லுவாங்களா தம்பி? எம் புள்ளைங்க நல்லாருக்க வேணாமா? அதுவும் என்ன சொன்னேன்னு எனக்கே ஞாவகம் இல்ல. நானா சொன்னேன்? வயிறு சொல்லுச்சு. இன்னொரு சாவு விழுந்தா வந்து கேட்டுக்க, போ."

கோபத்தில் சொன்ன சொல் அது. மச்சான் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார்.

நோட்டின் பின்பக்கத்தில் 'அம்மாக்கண்ணு' என்று பெயரை மட்டும் எழுதி, பக்கத்தைக் காலியாக விட்டார். அரைகுறையாக எழுதினால் அந்தப் பாட்டுக்கு மரியாதை இல்லையாம். அன்றிலிருந்து அலைச்சல்தான். அம்மாக்கண்ணு போகிற சாவுக்கெல்லாம் போனார். பொம்பளைகள் கூட்டத்துக்குப் பக்கத்தில், தப்புக்காரர்களுக்கு எட்டத்தில் இடம் பிடிப்பார். அவளோ ஒவ்வொரு பிணத்துக்கும் ஒவ்வொன்று சொல்வாள். செத்தவர் ஆடு வளர்த்தால் ஆடு வரும், சீட்டாடினால் சீட்டு வரும். கூடை வரவே இல்லை. திரும்பும்போது மோட்டாரில், "இதில்ல மாப்ளே, இதில்ல" என்று பெருமூச்சு விடுவார்.

பிறகு சாவுக்குக் காத்திருக்கவும் பொறுமை போய்விட்டது. யாராவது படுக்கையில் கிடந்தால் விசாரிக்கப் போக ஆரம்பித்தார். முனியாண்டிக் கங்காணி இழுத்துக்கொண்டு கிடந்தபோது மூன்று நாள் போனார். நாலாம் நாள் கங்காணி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டு, "ஒம் பாட்டுக்கு இன்னும் நேரம் வரல தங்கையா, வீட்டுக்குப் போ" என்றாராம். தோட்டமே சிரித்தது. மச்சானும் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "அந்தப் பாட்டுக்கு இம்புட்டு அலையுறீங்க. அந்த மனுசன் செஞ்ச வேலைய ஒரு நாளு செய்யலாம்ல? ஒங்களுக்கும் நாலு மணிக்கு வேல முடியுதுல்ல?"

"நாளைக்குக் கண்டிப்பா வர்றேன் நவமணி" என்றார். ஏமாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. மறுநாள் ஏதோ ஒரு அடிக்கு இரண்டாம் அடி கிடைக்கவில்லை. தொழிற்சாலையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே.

எண்பத்தொன்று அக்டோபரில் கம்போங் ராஜாவில் சிங்காரம் தவறிப்போனார். அம்மாக்கண்ணுக்குச் சொந்தச் சித்தப்பா. மச்சான் லீவு போட்டுவிட்டார். அக்கா காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்குக் கிளம்பும்போது, "நெஞ்சு என்னமோ அடைக்கிற மாதிரி இருக்கு. இன்னிக்குப் போவாதீங்களேன்" என்றாள்.

"சொந்தச் சாவு நவமணி. இன்னிக்கு அம்மாக்கண்ணு வாயில அது கண்டிப்பா வரும். வந்தவொடனே ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

நான் அங்கேதான் நின்றேன். அக்கா சொன்னது என் காதிலும் விழுந்தது. மோட்டாரை உதைத்துக் கிளப்பியவன் நானேதான். அவரைப் பற்றி எழுதும்போது என் பங்கை மறைக்கக் கூடாது.

அம்மாக்கண்ணு அன்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. சித்தப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு வெறுமனே அழுதாள். மச்சான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்தரை மணிக்குத் தோட்டத்து லோரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் இறங்கி என்னிடம்தான் வந்தான். "அண்ணே, ஒங்க அக்கா."

கொட்டகை வரைக்கும் கூடையோடு இறங்கி வந்திருக்கிறாள். நிறுவைக்கு வரிசையில் நின்றிருக்கிறாள். கூடையை இறக்க முடியாமல் அப்படியே முதுகோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் இருந்தவர்கள் இளைப்பாறுகிறாள் என்று நினைத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் லயத்து வாசலில் கிடத்தினோம். கூடையும் அங்கேதான் சுவரோரம் இருந்தது. நிறுக்காத கொழுந்து உள்ளேயே கறுத்துப்போயிருந்தது. அம்மாக்கண்ணு வந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து, முந்தானையை உதறிப் போட்டு, ஆரம்பித்தாள். தப்புக்காரர்கள் இன்னும் வந்திருக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது.

"எங்கூடை எறக்கி வைக்க
ஏந்துங் கை இருந்ததம்மா
ஒங்கூடை எறக்கி வைக்க
ஒத்தக் கை வரலியம்மா
ஊருச்சாவு கேக்கப்போன
ஒம் புருசன் வந்துட்டாரு
எந்திரிச்சுப் பாரு தாயி
இப்பவாச்சும் எறக்கச் சொல்லு"

நான் மச்சானைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து நின்றார். கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக வழிகிறது. கடைசி வரி விழுந்ததும் அவர் தலை மெல்ல ஒரு தடவை ஆடியது. நல்ல பாட்டைக் கேட்டால் அவர் தலை எப்படி ஆடும் என்று எனக்குத் தெரியும். ரஞ்சிதத்தின் முட்டைக்கோஸ் பாட்டுக்கும் அப்படித்தான் ஆடியது.

அன்று அவர் கழுத்தை நெரித்திருப்பேன். பிணம் கிடந்ததால் விட்டேன். பதினைந்து நாள் அவரோடு பேசவில்லை.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்து எல்லோரும் போனபின் அவராகவே வந்து நீல நோட்டை என் கையில் வைத்தார். திருப்பிப் பார்த்தேன். 'அம்மாக்கண்ணு' என்ற பெயருக்குக் கீழே பக்கம் காலியாகவே இருந்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"ஏழு வருசம் எங்கக்காவக் காயவிட்டு இதுக்குத்தான அலைஞ்சீங்க? எழுதுங்களேன். இல்ல, அதுக்குள்ள மறந்துபோச்சா?"

"ஒரு எழுத்து விடாம இருக்கு மாப்ளே. முன்பக்கத்துல இருநூத்திப் பதினோரு பாட்டு இருக்கு. எண்ணிப் பாத்தேன். கிராணிக்கு நாலு. ஒங்க அக்காவுக்கு ஒண்ணு இல்ல."

"அதான் இப்ப ஒண்ணு வந்துருச்சே. எழுதிவைங்க."

"எழுதுனா படிப்பேன். படிச்சா, அடடா, என்ன வரின்னு தோணும். அவ செத்தது மறந்துபோயி வரிதான் தெரியும். எனக்கு என்னையத் தெரியும் மாப்ளே. அன்னிக்கு எந் தல ஆடுச்சு. நீ பாத்தேல்ல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த மனுசன் எதிர்பார்த்ததும் அதைத்தானோ என்னவோ.

"பாத்தேன்" என்றேன்.