அப்பா மலாய் படித்த ஆண்டு

எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. அப்பா போட்ட சட்டம். அம்மா தட்டை வைத்துவிட்டு, "சாப்பிட வாங்க" என்று தமிழில் அழைக்க வேண்டும். வாய் தவறி "மாரி மாக்கான்" என்று அவள் பாஷையில் கூப்பிட்டுவிட்டால் அப்பா நாற்காலியை விட்டு அசைய மாட்டார். "இன்னொரு தடவை" என்பார். அவள் தமிழில் சொல்வாள். அது அவருக்குப் பிடிக்காது. "இன்னொரு தடவை." இப்படியே சோறு ஆறும். கடைசியில் என் பக்கம் திரும்பி, அம்மா சொன்னதை அவள் குரலிலேயே, அவள் இழுக்கும் இழுப்பிலேயே சொல்லிக் காட்டுவார். நான் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால், "ஏன், உனக்கும் தமிழ் மறந்துபோச்சா?" என்று கேட்பார். நான் சிரிப்பேன். அதன் பிறகுதான் சாப்பிடுவோம்.

அம்மா மலாக்காச் செட்டிக் குடும்பம். மலாக்கா நகரத்துக் காஜா பேராங்கில் அவர்கள் எத்தனை தலைமுறையாக இருக்கிறார்கள் என்று அவர்களுக்கே கணக்குத் தெரியாது. கோயில் உண்டு, விபூதி உண்டு, பொங்கல் உண்டு. தமிழ் மட்டும் எப்போதோ கழன்று போய்விட்டது. வீட்டில் பேசுவது மலாய். பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரும் மலாய் அல்ல, நாலு தமிழ்ச் சொல் கலந்து, வாலும் தலையும் தேய்ந்துபோன வீட்டு மலாய். அப்பா ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கங்காணியின் மகன். மலாக்காவில் வாத்தியார் வேலை பார்த்தபோது அம்மா வீட்டுக்குப் பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்தார். அப்போது அம்மாவின் மீன் குழம்பும் பிடித்திருந்தது, பேச்சும் பிடித்திருந்தது. கோலாலம்பூர்ப் பல்கலைக்கழகத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்ததும் இரண்டும் பிடிக்காமல் போயின.

நானும் அம்மாவும் காஜா பேராங்கிலேயே இருந்தோம். அப்பா வாரம் முழுக்கக் கோலாலம்பூரில் ஓர் அறையில் இருப்பார். சனிக்கிழமை மத்தியானம் தன் பழைய மோரிஸ் காரில் வந்து இறங்குவார். எங்களை ஏன் அங்கே கூட்டிப் போகவில்லை என்று கேட்டால், வேலை நிரந்தரமானால்தான் வீடு கொடுப்பார்கள் என்பார். அது பாதி உண்மை. மீதி, பல்கலைக்கழகத்தில் ஒரு விருந்தில் நடந்தது. டீனுடைய மனைவி ஆங்கிலத்தில் ஏதோ விசாரிக்க, சேலை கட்டிப் பழக்கமில்லாமல் நெளிந்துகொண்டிருந்த அம்மா தன் பாஷையில் பதில் சொல்லியிருக்கிறாள். மேசையே பேச்சை நிறுத்தியதாம். அதன் பிறகு அம்மாவை அவர் எங்கேயும் கூட்டிப் போனதில்லை.

அந்த டீன் ஒரு வெள்ளைக்காரர். ஆசிரியர்களின் ஓய்வறையில் அப்பாவும் இன்னொரு தமிழ் விரிவுரையாளரும் ஒரு நாள் தமிழில் பேசிக்கொண்டிருந்தபோது, ஆங்கிலம் தவிர வேறு மொழி அந்த அறையில் மரியாதைக் குறைவு என்று அவர் சொன்னாராம். அப்பா அதை எங்களிடம் பெருமையாகச் சொன்னார். எவ்வளவு உயர்ந்த இடத்தில் இருக்கிறேன் பார் என்கிற மாதிரி.

சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் அந்தப் பல்கலைக்கழகம் எதுவுமே நடக்காதது போல இருந்தது. கொடி மாறியது, ஓய்வறையில் தேநீர் மாறவில்லை. பிறகு அரசாங்கம் தேசிய மொழியான மலாயைப் பற்றி அழுத்தமாகப் பேச ஆரம்பித்தது. மலாய்ப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் முதன்முதலாக வகுப்புகளுக்கு வந்தார்கள். ஆங்கிலத்தில் பாடம் புரியவில்லை என்று அவர்கள் சொன்னது நியாயம்தானே. அரசாங்கத்தின் கையைப் பார்த்துச் சாப்பிடும் இடம், எத்தனை நாள் கேட்காதது போல இருக்க முடியும்? ஒரு காலையில் அதே டீன் சுற்றறிக்கை அனுப்பினார். வேலை நிரந்தரமாகாத உள்ளூர் விரிவுரையாளர்கள் எல்லோரும் ஒரு குழுவின் முன்னால் தேசிய மொழியில் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். முடியாதவர்களின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. சுற்றறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது.

வெள்ளைக்காரர்களுக்கு அந்தச் சட்டம் இல்லை, எப்படியும் ஊருக்குப் போகப் போகிறவர்கள். வயதான பேராசிரியர்களுக்கும் இல்லை, அவர்கள் வயதானவர்கள். மிச்சம் இருந்தவர்கள் அப்பாவைப் போல, போக வேறு இடம் இல்லாதவர்கள். அவர்களைத்தான் பல்கலைக்கழகம் வளைத்தது. வளையக்கூடியவர்கள் அவர்கள்தானே.

படிப்பதற்கு வகுப்பு வைத்தார்கள். அப்பா ஒரே ஒரு நாள் போனார். டைப்பிஸ்டுக்கும் ஆய்வுக்கூடப் பணியாளுக்கும் நடுவில் உட்கார வைத்தார்களாம். சொல்லிக்கொடுத்தவர் இளம் மலாய் ஆசிரியர். அப்பா வாயைத் திறந்ததும் திருத்தினாராம், டைப்பிஸ்ட் சிரித்தாளாம். அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்த அப்பா காலணியைக்கூடக் கழற்றவில்லை.

"சமையற்கட்டுப் பாஷைக்கு ஒரு கிளாஸு. அதுக்கு ஒரு வாத்தியாரு" என்றார்.

அப்பாவுக்குக் கடைத்தெரு மலாய் கொஞ்சம் தெரியும். அதுவே முழு மலாய் என்று அவர் நினைத்திருந்தார். அந்த மொழிக்குள் கூடமும் இருக்கிறது, அடுப்படியும் இருக்கிறது என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை. ஏறியிருந்தால் பிழைத்திருப்பார்.

அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா நின்றபடியே திட்டத்தைச் சொன்னார். இந்தப் பரீட்சை முடிந்தால் வேலை நிரந்தரம். கோலாலம்பூரில் வீடு கொடுப்பார்கள். என்னை அங்கே நல்ல பள்ளியில் சேர்ப்பார். "இந்தப் பிலாச்சான் நாத்தத்துலேர்ந்து புள்ளைய வெளியேத்தணும்" என்றார். அம்மா குழம்பில் போடும் இறால் விழுதின் பெயர் அது.

"நான்?" என்று அம்மா கேட்டாள்.

"நீ எதுக்கு? உனக்குத்தான் அம்மா வீடு இருக்கே."

அம்மா உரித்த இறாலைக் கிண்ணத்தில் போட்டாள். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, ஒரே பிள்ளை. என்னைக் கூட்டிப் போய்விட்டால் அந்த வீட்டில் அம்மாவுக்கு யாரும் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் அதைப் பற்றி யோசித்ததாகவே தெரியவில்லை. அடுத்த மூச்சில், "நீயே சொல்லிக்கொடு. வீட்லயே வாத்தியார வச்சிக்கிட்டு நான் ஏன் அந்தப் பொடியன்கிட்ட போய் உக்காரணும்?" என்றார்.

அம்மா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். பிறகு, "சரிங்க" என்றாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்கு நல்ல மலாய் தெரியும். எதிர் வரிசையில் மலாய்ப் பள்ளித் தலைமை ஆசிரியரின் வீடு. அவர் மனைவி வந்தால் அம்மா பேசுவது வேறு மலாய்: அடக்கமும் பணிவுமாக, வானொலியில் செய்தி வாசிப்பவர்கள் பேசுவது போல இருக்கும். அந்த அம்மாள் போனதும் பக்கத்து வீட்டிலிருந்த பெரியம்மாவிடம் பேசுவது வேறு. இரண்டையும் கேட்டு வளர்ந்தவள் நான். பள்ளியிலும் தேசிய மொழி படித்துக்கொண்டிருந்தேன்.

முதல் பாடத்தில் அப்பா பருவக்காற்றைப் பற்றியும் மலாக்கா ஆற்றைப் பற்றியும் ஆங்கிலத்தில் எழுதி வந்திருந்தார். ஒவ்வொரு வரியாக அம்மாவுக்குத் தமிழில் விளக்கினார். அம்மா அதைத் தன் பாஷையில் சொன்னாள். செய்தி வாசிக்கும் மலாயில் அல்ல. பழைய மீனைத் தலையில் கட்டப் பார்க்கும் மீன்காரனிடம் பெரியம்மா எப்படிப் பேசுவாளோ, அப்படி. அப்பா கேட்டதைக் கேட்டபடியே ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். "அம்மா, ஸ்கூல்ல இத…" என்று ஆரம்பித்தேன்.

"அடுப்பப் போய்ப் பாரு" என்றாள் அம்மா, என் பக்கம் திரும்பாமலே.

அடுப்பில் எதுவும் இல்லை. நான் போய் அங்கே நின்றேன்.

அம்மா நன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். அதில் குறையே சொல்ல முடியாது. அப்பா ஒரு வரி சொன்னால், "லாகி செகாலி" என்பாள். இன்னொரு தடவை என்று அர்த்தம். அவர் சொல்வார். "லாகி செகாலி." மறுபடி சொல்வார். மனிதர் யாருக்கும் அடங்கி நான் பார்த்ததில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அம்மாவுக்கு அடங்கினார். கழுத்து வியர்க்கும். அம்மா முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். பெரியம்மா எட்டிப் பார்த்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். கொஞ்ச மாதங்களில் அப்பா எங்கள் தெருக்காரப் பெண் ஒருத்தி மாதிரியே பேச ஆரம்பித்துவிட்டார். அவருக்கு ஒரே பெருமை. "இதுல என்ன பெரிய கஷ்டம்?" என்று என்னிடம் சொன்னார்.

பரீட்சை நாளன்று என்னையும் கூட்டிப் போனார். பாடம் முடிந்ததும் புதுப் பள்ளியைப் பார்த்துவிட்டு வருவதாக ஏற்பாடு. அம்மா எனக்குத் தலை சீவி, வலிக்க வலிக்க இறுக்கிப் பின்னினாள். அப்பாவின் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்திருந்தாள். கார் கிளம்பும்போது ஜன்னலில் குனிந்து, "சத்தமாப் பேசுங்க. கூச்சப்படாதீங்க" என்றாள். அப்பா தலையாட்டினார். ஊர் எல்லையில் செங் கிராமத்தைத் தாண்டியதிலிருந்து கோலாலம்பூர் போய்ச் சேரும்வரை பாடத்தை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார்.

விரிவுரைக் கூடத்தில் கடைசி வரிசையில் என்னை உட்கார வைத்தார்கள். முன்னால் மலாய்ப் பள்ளிகளிலிருந்து வந்த மாணவர்கள். பக்கவாட்டில் டீன், அந்த இளம் மலாய் ஆசிரியர், இன்னும் இரண்டு பேர். அப்பா மேடையேறி, அம்மா சொன்னபடியே சத்தமாக ஆரம்பித்தார்.

முதல் வரியிலேயே மாணவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இரண்டாம் வரியில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பருவக்காற்று எந்தத் திசையில் வீசும் என்று கோட்டும் டையும் போட்ட ஒருவர், மீன் கூடைமேல் கையை வைத்துக்கொண்டு பேரம் பேசும் கிழவியின் பாஷையில் சொன்னால் யார்தான் தாங்குவார்கள்? அந்தப் பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள், தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். முதல் சிரிப்பு எனக்குப் பக்கத்திலிருந்து வந்தது. ஓய்வறையில் அப்பாவோடு தமிழ் பேசியவர்தான் சிரித்தார். அவர் வகுப்புக்கு ஒழுங்காகப் போய் முந்திய மாதமே தேறியிருந்தார். அதன் பிறகு அணை உடைந்தது.

அப்பா தப்பாகப் புரிந்துகொண்டார். பாடம் அவர்களுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துவிட்டார். முகம் மலர்ந்தது. குரலை இன்னும் உயர்த்தினார், கையை ஆட்டிப் பேசினார், ஆறு கடலில் விழும் இடத்தை அம்மாவின் இழுப்போடு இழுத்தார். கூடமே அதிர்ந்தது. ஒரு வார்த்தை மலாய் தெரியாத டீனும் எல்லோரும் சிரிக்கிறார்களே என்று சிரித்தார். முடிந்ததும் கைதட்டினார்கள். அப்பா தலை வணங்கினார்.

கீழே வந்ததும் டீன் அந்த ஆசிரியரிடம் ஆங்கிலத்தில், எப்படி என்று கேட்டார். நான் அப்பாவின் பக்கத்தில்தான் நின்றேன்.

"எங்கள் வீட்டில் துணி துவைக்க மலாக்காக்காரக் கிழவி ஒருத்தி வருவாள். இப்படியேதான் பேசுவாள்" என்றார் அவர். "இவரை வைத்துக்கொள்வதென்றால் அவளுக்கும் ஒரு வேலை கொடுங்கள்."

டீன் வாய்விட்டுச் சிரித்து அப்பாவின் தோளில் தட்டினார். அப்போதுதான் அப்பாவின் முகத்திலிருந்து அந்த மலர்ச்சி மறைந்தது. மூக்கிலிருந்து கழுத்துவரை சிவந்தது. ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடிந்தது. டீன் பிறகு ஓய்வு பெற்று ஊருக்குப் போனபோது பெரிய வழியனுப்பு விழா நடந்ததாகக் கேள்விப்பட்டேன். மேடையில் "தெரிமா காசே" என்று நன்றி சொன்னாராம். அந்த இரண்டு வார்த்தை மலாய்க்குக் கைதட்டு அடங்க நேரமாயிற்றாம்.

புதுப் பள்ளியைப் பார்க்கப் போகவில்லை. திரும்பும்போது அப்பா செங் வரை காரை ஒரே மூச்சில் ஓட்டினார். அங்கே காரை ஓரமாக நிறுத்தினார்.

"நீ ஸ்கூல்ல மலாய் படிக்கிறல்ல. அது தெரு மலாய்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க என்னைக் கேக்கல."

அறைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காரைக் கிளப்பினார்.

வீட்டில் அம்மா சமையலை முடித்துவிட்டுக் காத்திருந்தாள். அப்பா வாசலைத் தாண்டியதும் கேட்டார். "தெரிஞ்சேதான செஞ்ச?"

அம்மா எழுந்து நின்றாள். ஒரு தப்பும் இல்லாத தமிழில், நிதானமாகச் சொன்னாள். "என் பாஷையைக் கேட்டீங்க. என் பாஷையைத்தான் கொடுத்தேன். புள்ளை என்கிட்டதான் இருக்கும்."

அவரிடம் அவள் தமிழில் பேசியது அதுதான் கடைசி. அன்றிலிருந்து வீடு முழுக்க அவள் பாஷை. அப்பா போக இடமில்லாமல் காஜா பேராங்கிலேயே, அம்மா வீட்டிலேயே, அம்மாவின் சொந்தக்காரர்கள் நடுவிலேயே தங்கிவிட்டார். முன்பெல்லாம் பெரியம்மாவும் மற்றவர்களும் அவர் எதிரிலேயே அவரைப் பற்றி வேகவேகமாகப் பேசிச் சிரிப்பார்கள். அவருக்கு அது பிடிபடாது. இப்போதும் அப்படியே பேசினார்கள். இப்போது அவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தாள் அம்மா.

ஒரு மத்தியானம் அப்பா மேசையில் வந்து உட்கார்ந்து, "சோறு போடு" என்றார். அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "மிந்தா எலோ எலோ" என்றாள். ஒழுங்காகக் கேள் என்று அர்த்தம். அப்பா காலித் தட்டைப் பார்த்தார். பசி போலிருக்கிறது. அவள் பாஷையில் சோறு கேட்டார்.

"லாகி செகாலி" என்றாள் அம்மா.

மறுபடி கேட்டார். குரல் உடைந்தது.

அம்மா என் பக்கம் திரும்பினாள். அவர் கேட்டதை அவர் குரலிலேயே, அந்த உடைந்த இடத்தையும் சேர்த்துச் சொல்லிக் காட்டினாள். யாரும் சொல்லாமலே நான் சிரித்தேன். வயிறு வலிக்கும்வரை சிரித்தேன். அதன் பிறகுதான் அம்மா சோறு போட்டாள்.