முன்சீட்டின் அடியில்

மூன்று மாத மழையில் மூடிக் கிடந்த காரைத் திறந்ததும் மக்கிய நாற்றம் முகத்தில் அடித்தது. மனைவி போன பிறகு நான் அதைத் தொடவே இல்லை. வெயில் வந்த அன்று ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே நாலு கதவையும் திறந்துபோட்டு, சீட்டுகளில் சோப்பு நுரை பூசிப் பிரஷ்ஷால் தேய்த்தேன். வினிகர் தெளித்தேன். சமையல் சோடாவைத் தூவி ஒரு நாள் முழுக்க விட்டு, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்தேன். அப்படியும் நாற்றம் போகவில்லை. மழையைத் திட்டினேன். காரை விற்றவனைத் திட்டினேன்.

கடைசியில் ஸ்பானரை எடுத்து, அவள் உட்காரும் முன்சீட்டையே கழற்றினேன். அடியில் ஒரு தேங்காய் கிடந்தது. அது கீறல்விட்டுத் தண்ணீர் வடிந்து, கார்ப்பெட்டில் கறுப்பாகப் பூசணம் பிடித்திருந்தது.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போன காலையில் மடியில் வைத்திருந்த தேங்காய் அது. பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வந்ததும், "ஒரு நிமிஷம் நிறுத்துங்கோ, பிள்ளையாருக்கு இதை உடைச்சுட்டு வந்துடறேன்" என்றாள்.

"இங்க எங்க நிறுத்தறது? திரும்பி வரச்சே உடைச்சுக்கலாம்" என்றேன் எரிச்சலோடு. அவள் தேங்காயைக் காலடியில் வைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது அவளை ஆம்புலன்ஸில்தான் கொண்டுவந்தார்கள்.

கார்ப்பெட்டைப் பிய்த்து எறிந்தேன். இப்போது காரில் எந்த வாடையும் இல்லை. அன்றைக்குப் பழவங்காடியில் வண்டி நிறுத்த இடம் இருந்ததா என்பது மட்டும் எனக்குத் தெரியாது. நான் பார்க்கவே இல்லை.