இல்லாத பெரியம்மா

கிளிநொச்சியில் பிரதான வீதியை விட்டு இறங்குகிற ஒரு கிறவல் மண் ஒழுங்கையில் எங்கள் மில் இருக்கிறது. கீழே மிளகாயும் அரிசியும் குரக்கனும் அரைக்கிற மெஷின்கள். மேலே என்னுடைய அறை. அதற்கு ஒரு யன்னல் உண்டு. மிளகாய்த்தூள் ஏறி வருகிறதென்று நான் வருவதற்கு முன்பே அதைச் சுற்றி நாடா ஒட்டி மூடிவிட்டார்கள். மேசை, கதிரை, ஒரு பழைய கணினி, கொம்பனிப் போன். காலையில் வந்து இருந்தால் பின்னேரம் பஸ்ஸுக்கு இறங்கும்வரை நான் வெளிச்சத்தைக் காண்பதில்லை.

மில் மாமாவினுடையது. அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். கனகாலம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, மா வகைகளையும் தூள்களையும் பக்கற்றில் அடைத்து வெளிநாட்டுக் கடைகளுக்கு அனுப்பத் தொடங்கினார். நான் யாழ்ப்பாணத்தில் தமிழ் படித்துப் பட்டம் எடுத்துவிட்டு, ஒரு வேலையும் கிடைக்காமல் அக்கராயனில் வீட்டில் இருந்த நேரம். "உனக்கு எழுத வரும்தானே பிள்ளை? எங்கட முகநூல் பக்கத்தைப் பார். ஒவ்வொரு நாளும் ஒரு புதுப் பதிவு போடவேணும், அவ்வளவுதான்" என்றார். அம்மாவுக்குச் சரியான சந்தோஷம். வீட்டிலிருந்து போய்வரக்கூடிய வேலை, அதுவும் சொந்தத்துக்குள்.

முதல் மாதம் சுகமாகப் போனது. இடியப்பம், குரக்கன் புட்டு, பால்கஞ்சி, கூழ் என்று படம் எடுத்துப் போட்டேன். படங்களில் வருகிற கைகள் கீழே பக்கற் அடைக்கிற ஒரு அக்காவின் கைகள். ஸ்கந்தபுரத்திலிருந்து சைக்கிளில் வருவா. கை அழகாக இருக்கிறதென்று கூப்பிட்டால், "முகம் வராதுதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் மாவைத் தொடுவா. இரண்டாம் மாதம் சாப்பாடுகள் முடிந்துபோயின. புட்டை எத்தனை பக்கத்தால் படம் எடுப்பது? மாமா பின்னேரங்களில் படியேறி வந்து கதவடியில் நிற்பார். "நேற்றையது நேற்றோட போச்சு பிள்ளை. நாளைக்கு என்ன?"

ஒருநாள் ஒன்றும் வரவில்லை. தலை இடித்தது. மேசையில் கிடந்த பக்கற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் கொண்டையும் பெரிய பொட்டுமாக ஒரு மனுசியின் படம் கீறியிருந்தது. ஆரோ ஒரு கடையில் காசுக்குக் கீறிக் கொடுத்தது. அந்த மனுசி எழுதுகிறமாதிரி எழுதினேன்.

"இண்டைக்கு இவர் என்னோட கதைக்கேல்லை. புட்டுக்கு உப்புக் குறைஞ்சு போச்சாம். நானும் கதைக்கேல்லை. ஆர் முதல் வாயைத் திறக்கிறதெண்டு பாப்பம்."

மறுநாள் காலை போனைத் திறந்தபோது என்னால் நம்ப முடியவில்லை. "விடாதேங்கோ பெரியம்மா" என்று லண்டனிலிருந்து ஒருத்தி. "எங்கட வீட்டிலயும் இதே கதைதான்" என்று ரொறன்ரோவிலிருந்து இன்னொருத்தி. பெரியம்மா என்ற பெயரை அவர்கள்தான் வைத்தார்கள். மாமா படியில் இரண்டு இரண்டாக ஏறி வந்தார். "இதுதான் பிள்ளை! இதைப் பிடிச்சுக்கொள், விட்டிடாதை."

பிடித்துக்கொண்டேன். பிறகு அது என்னைப் பிடித்துக்கொண்டது.

பெரியம்மாவுக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்தது எங்கள் வீடுதான். அக்கராயனில், குளக்கட்டுக்குக் கிட்ட வைத்தேன். ஒரு கறுத்தப் பசுவைக் கொடுத்தேன். குசினிக்குள் புகுந்து கூத்தடிக்கிற ஒரு சேவலைக் கொடுத்தேன். பசுவுக்குச் சுகமில்லை என்று ஒருநாள் எழுதிவிட்டேன். மறுநாள் உலகம் முழுவதிலுமிருந்து வைத்தியம் வந்தது. அதற்குப் பிறகு பசுவைச் சுகப்படுத்த எனக்கு ஒரு கிழமை எடுத்தது, ஏனென்றால் ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சுகப்பட வேண்டுமென்று மாமா சொன்னார்.

வீட்டில் அம்மா வாய் திறந்தால் நான் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவ பக்கத்து வீட்டோடு வேலிக்கதை கதைத்தால் அது பதிவாகும். கூடப் படித்த ஒருத்தியின் கலியாணத்துக்குப் போனேன். தாலி கட்டுகிற நேரம் எல்லோரும் பூப்போட, பெரியம்மா இதைப் பற்றி என்ன சொல்லுவா என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன். கையிலிருந்த பூ கையிலேயே வாடிவிட்டது. என்னுடைய வாயால் நான் கதைப்பது குறைந்துகொண்டே போனது. பஸ்ஸில் ஆராவது "என்ன வேலை செய்யிறீர்?" என்று கேட்டால், "மில்லில" என்று மட்டும் சொல்லுவேன்.

அப்போதுதான் கனடாவிலிருந்து ஒரு மனுசி எழுதத் தொடங்கினா.

எல்லோரும் பெரியம்மா என்று எழுத, அவா மட்டும் "அக்கா" என்று எழுதினா. எழுபதை நெருங்கிய மனுசி. விசுவமடுவில் வயல் செய்து இருந்தவா. இடம்பெயர்ந்து, பிறகு மகனோடு கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தவா. மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் வீட்டில் தனிய. அவாவுக்குப் பின்னேரமாகிற நேரம் எனக்கு விடிந்துவிடும். நான் வந்து கதிரையில் இருக்க, இன்பொக்ஸில் அவாவின் செய்தி காத்திருக்கும்.

"அக்கா, அங்க மழையோ? குளம் வான் பாயுதோ?"

"ஓம் தங்கச்சி, ராத்திரி முழுக்கப் பெய்தது. இப்ப குளம் நிரம்பி வான் பாயுது" என்று எழுதுவேன். இருபத்தெட்டு வயதில், தாயைவிட மூத்த ஒரு மனுசியைத் தங்கச்சி என்று கூப்பிட்டேன். முதலில் சிரிப்பு வந்தது. போகப் போக வரவில்லை.

தை மாதத்தில் ஒருநாள் அவா இப்படி எழுதியிருந்தா:

"அக்கா, நீங்கள் உங்கட மனுசனோட சண்டை பிடிக்கிறதை வாசிக்க எனக்கு ஆசையா இருக்கும். என்ர ஆளோட சண்டை பிடிக்க ஏலாது. கைதான் முதல் வரும். அவர் செத்தண்டைக்கு எனக்கு அழுகை வரேல்லை. சனம் பாக்குதெண்டு தண்ணியைத் தொட்டுக் கண்ணில வச்சனான். இதை நான் இண்டுவரைக்கும் ஒருத்தருக்கும் சொன்னதில்லை."

கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "நான் பெரியம்மா இல்லை" என்று எழுதி அழித்தேன். பேசாமல் விடுவோமா என்று நினைத்தேன். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டு ஒரு மனுசி அங்கே போனைப் பார்த்துக்கொண்டிருப்பாவே. மத்தியானம் கடந்தபிறகு எழுதினேன்: "அதுக்கு நீங்கள் வெக்கப்படத் தேவையில்லை தங்கச்சி. அழுகை வராட்டி வராதுதான்."

அங்கே நடுச்சாமம் தாண்டியிருக்கும், ஆனாலும் பதில் உடனே வந்தது. "மாசியில ஊருக்கு வாறன் அக்கா. உங்களிட்டத்தான் முதல் வருவன். உங்கட கையால ஒரு புட்டுச் சாப்பிடவேணும்."

மாமாவிடம் போய்ச் சொன்னேன். உண்மையை எழுதிவிடச் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"இதைவிடப் புதுசா என்ன வேணும் பிள்ளை? கனடாவில இருந்து தங்கச்சி, அக்கராயனில பெரியம்மா. வீடியோ எடுப்பம்."

"மாமா, பெரியம்மா எண்டு ஒருத்தரும் இல்லையே?"

"இருக்கப் பண்ணுவம்."

பக்கற் அடைக்கிற அக்காவைக் கேட்டார். அவா மாக்கையோடு நின்று, "கை மட்டுமெண்டுதானே சொன்னனீங்கள்" என்றுவிட்டுப் போய்விட்டா. அதற்குப் பிறகு மாமா என்னைப் பார்த்தார். "உன்ர அம்மா இருக்கிறாதானே. வீடும் அதே வீடுதான்."

அன்று பின்னேரம் பஸ்ஸில் வரும்போது இதையே யோசித்தேன். அலுவலகத்திலிருந்து தப்பி வருகிற ஒரே இடம் வீடுதான். அதற்குள்ளும் பெரியம்மா வந்து இருக்கப் போகிறா. வேலையை விடலாம். விட்டால் மாமாவோடு அம்மாவுக்கு இருக்கிற கதை பேச்சு அறுந்துபோகும். நான் திரும்பவும் அந்த வெறும் நாட்களுக்குள் போய் விழவேண்டும். அவர் கெட்டவராக இருந்திருந்தால் விடுவது சுகமாக இருந்திருக்கும்.

நான் சொன்னதைக் கேட்டும் அம்மா அரிசி களைவதை நிறுத்தவில்லை. "வரச்சொல்லு. அவ்வளவு தூரத்தால வாற மனுசி, புட்டும் கறியும் குடுப்பம். ஆனா நான் ஆரெண்டு கேட்டா என்ர பேரைத்தான் சொல்லுவன்."

மாமாவிடம் நான் முதல் பாதியைத்தான் சொன்னேன்.

அவா ஒரு வாடகை வான் வண்டியில் வந்து இறங்கினா. நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். நூல் சேலை, காலில் வெள்ளைச் சப்பாத்து. மாமா வேலிப் படலையடியில் நின்று கையைக் காட்ட, நான் போனை உயர்த்திப் படம் எடுக்கத் தொடங்கினேன். அவா நேரே போய் அம்மாவைக் கட்டிப்பிடித்து, "அக்கா" என்றா. அம்மாவைவிடப் பத்து வயதாவது மூப்பு. அம்மாவும் கட்டிப்பிடித்தா. அதில் பொய் ஒன்றும் இல்லை, வீட்டுக்கு வருகிற ஆரையும் அம்மா அப்படித்தான் பிடிப்பா.

பிறகு அவா சுற்றிப் பார்த்தா. "கறுத்தப் பசு எங்க?"

"எங்களிட்ட மாடு இல்லையே" என்றா அம்மா.

அவா சிரித்தா, பகிடி என்று நினைத்து. அம்மா சிரிக்கவில்லை. அவாவின் முகம் மெல்ல மாறுவதைப் போனின் சின்னத் திரையில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா பின்னால் நின்று, "எடு, எடு" என்று கையால் காட்டினார். நான் போனை இறக்கிவிட்டு அவாவைப் பார்த்துச் சொன்னேன்.

"நான்தான் அம்மா. எல்லாம் நான்தான் எழுதினனான்."

அவா முகம் கழுவவேண்டும் என்றா. கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் அள்ளி ஊற்றினேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டா:

"எத்தினை வயசு?"

"இருபத்தெட்டு."

"கலியாணம்?"

"இன்னும் இல்லை."

"அப்ப அந்த மனுசன்? உப்புக் குறைஞ்சா கதைக்காத மனுசன்?"

"அப்படி ஒருத்தரும் இல்லை அம்மா."

கிணற்றுக் கட்டில் கையை ஊன்றிக்கொண்டா. "ஒரு குமர்ப்பிள்ளைக்குச் சொல்லுற கதையே நான் சொன்னது?" என்றா. என்னைப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவா தன்னையே கேட்டுக்கொண்டமாதிரி இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வரவில்லை. இத்தனை நாளும் பெரியம்மாவாக எத்தனையோ ஆறுதல் எழுதியிருக்கிறேன். என்னுடைய சொந்தக் குரலில் எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

புட்டுச் சாப்பிட்டா. அம்மாவும் அவாவும் இடம்பெயர்ந்து போன பாதைகளையும் இந்தமுறை நெல்லு விளைந்ததையும் கதைத்தார்கள். என் பக்கம் திரும்பவில்லை. போகும்போது மட்டும் படலையடியில் நின்று, "மெலிஞ்சு போனாய் பிள்ளை" என்றுவிட்டு வானில் ஏறினா.

மாமா கோபிக்கவில்லை. கட்டிப்பிடித்தது வரைக்கும் போதும் என்றார். அதை வெட்டி, பாட்டுப் போட்டு, நான்தான் பக்கத்தில் ஏற்றினேன். அதுவரை போட்ட எதற்கும் கிடைக்காத வரவேற்பு அதற்குக் கிடைத்தது. "கண் கலங்கிவிட்டது பெரியம்மா" என்று எழுதியவர்களுக்கெல்லாம் கைகூப்பிய படம் அனுப்பினேன். அந்தக் கிழமையே பெரியம்மாவை நிறுத்திவிடுவோமா என்று மாமாவிடம் கேட்டேன். அவர் ஒரு பக்கற்றை எடுத்துக் காட்டினார். "இவவை எடுத்துப்போட்டு என்னத்தை விக்கிறது பிள்ளை?"

அவாவின் செய்தி இனி வராது என்று இருந்தேன். பங்குனி முடிகிற நேரம், ஒரு காலையில் இன்பொக்ஸில் இருந்தது.

"அக்கா, ஊருக்குப் போட்டு வந்திட்டன். உங்களைக் காணக் கிடைக்கேல்லை. உங்கட வீட்டில ஒரு பிள்ளை நிண்டது. நல்ல பிள்ளை. அவளோட நான் வடிவாக் கதைக்கேல்லை. அது எனக்கு மனசுக்குச் சரியில்லை. சொல்லிவிடுங்கோ."

திரும்பத் திரும்ப வாசித்தேன். அவாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்றும் தெரியும். இருந்தும் அக்காவை விட அவாவுக்கு மனமில்லை. "சொல்லுறன் தங்கச்சி" என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு அவா தன் மனுசனைப் பற்றி எழுதுவதில்லை. முழங்கால் நோவைப் பற்றி, கண்ணாடிக்கு வெளியே கொட்டுகிற பனியைப் பற்றி எழுதுவா. அந்தப் பிள்ளை எப்படி என்று இடைக்கிடை கேட்பா. போன மாதம் கேட்டபோது, ஏன் என்று தெரியாது, உள்ளதை எழுதினேன்.

"அந்தப் பிள்ளைக்கு வேலை பிடிக்கேல்லையாம் தங்கச்சி. ஒவ்வொரு நாளும் புதுசா எதையாவது சொல்லவேணுமாம். தன்ர வாயில ஒண்டும் மிஞ்சேல்லையாம்."

"அப்ப விடச்சொல்லுங்கோ அக்கா."

"விட்டா அவளுக்கு இங்க வேற என்ன இருக்கு?"

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது.

"எனக்கும் இங்க அப்பிடித்தான் அக்கா. மகன் நல்லவன், மருமகளும் நல்லவள். கதவும் பூட்டில்லை. ஆனா திறந்து எங்க போறது?"

அதற்கு எழுதப் பெரியம்மாவிடம் ஒன்றும் இருக்கவில்லை. என்னிடமும் இல்லை. நான் வாசித்ததை அவா அறியட்டும் என்று போனைத் திறந்தபடியே மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். பின்னேரம் மாமா கதவடிக்கு வந்து, இன்றைக்கு ஏன் பதிவு ஒன்றையும் காணவில்லை என்று கேட்டார். மேசையில் அவாவின் செய்தி திறந்தபடியே கிடக்க, இன்ரநெற் இல்லை என்றேன்.