தாளிக்காத கொண்டைக்கடலை

அவர் போனபின் நான் தாளிப்பதையே விட்டுவிட்டேன் என்று சொந்தத்தில் பேசிக்கொள்கிறார்களாம். தவறு. தினமும் தாளிக்கிறேன்.

இன்று செய்தது சாலட். வெந்த கொண்டைக்கடலை, வெங்காயம், வெள்ளரி, எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய். அடுப்பில் ஏற்றாமல் அப்படியே சாப்பிட வேண்டும்.

கடலூரிலிருந்து வந்த நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி இது? சாவு வீட்லதான் தாளிக்க மாட்டாங்க. அண்ணன் போயி ரெண்டு வருஷம் ஆவுது."

"இது சாலட். தாளிக்கக் கூடாது," என்றேன்.

நான் தட்டு எடுத்து வருவதற்குள் கடுகு வெடித்தது. அவள் தாளித்துக் கொட்டியதில் வெள்ளரி துவண்டுவிட்டது.

"இப்பதான் வாசனையே வருது," என்று இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

என் துக்கத்தைக் கடுகை வைத்து அளக்க வேண்டாம்.

சாலட்டைத் தாளிக்கலாமா, கூடாதா? போன் செய்யாதீர்கள். அவளும் படிக்கும்படி இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள்.