ஜோர்தானுக்கு நான் எழுதிய குறிப்பு

ஜோர்தானுக்கு நான் போனதில்லை. கட்டுநாயக்க விமான நிலையத்துக்கே இரண்டு முறைதான் போயிருக்கிறேன், இரண்டு முறையும் என் அக்காவை ஏற்றிவிட. அப்படிப்பட்ட நான் ஒரு பாடசாலைத் தவணை முழுக்க முப்பத்தொரு பிள்ளைகளுக்கு ஜோர்தானைப் படிப்பித்தேன்.

கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. பேராதனையில் இருந்து தினமும் பஸ்ஸில் ஏறிப் போவேன். அந்த வருடம் எங்கள் பாடசாலை அதிபருக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு வகுப்பும் ஒரு வெளிநாட்டை எடுத்துக்கொண்டு ஒரு தவணை படிக்க வேண்டும், தவணை முடிவில் கண்காட்சி வைக்க வேண்டும். பிஸ்கட் டின்னுக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கினார். தரம் ஆறுக்கு ஜப்பான் போனது, தரம் எட்டுக்கு பிரான்ஸ். தரம் ஏழுக்குப் பொறுப்பான எனக்கு ஜோர்தான். பிரான்ஸ் கிடைத்த டீச்சர் இரண்டு நாள் தரையில் கால் படாமல் நடந்தார். எனக்கு எரிச்சல்தான்.

எங்கள் பாடசாலையில் ஒரு முறை உண்டு. எதைப் படிப்பிப்பதானாலும் முதலில் குறிப்பு எழுதி அதிபரிடம் கொடுக்க வேண்டும். அவர் பச்சைப் பேனையால் கையொப்பம் வைத்த பிறகுதான் அது கரும்பலகைக்குப் போகும். பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதி, பாடமாக்கி, வந்து ஒப்புவிப்பார்கள். கையொப்பம் விழுந்த குறிப்பு எங்களுக்கு வேதம். அதை மாற்றுவதென்றால் ஏன் மாற்றுகிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அதனால் யாரும் மாற்றுவதில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஜோர்தானுக்கு நான் புதிதாக எதையும் தேடவில்லை. முன்பொரு வருடம் பாலைவனங்கள் பற்றி எழுதி வைத்திருந்த பழைய குறிப்பை எடுத்து, மேலே பெயரை மட்டும் மாற்றினேன். 'ஜோர்தான் ஒரு பாலைவன நாடாகும். ஆண்டு முழுவதும் கடும் வெப்பம் நிலவும். மக்கள் கூடாரங்களில் வாழ்வர். ஒட்டகம் பிரதான போக்குவரத்துச் சாதனமாகும்.' அரை மணித்தியால வேலை. அதிபரும் ஜோர்தானுக்குப் போனவரல்ல, கையொப்பம் வைத்தார்.

நாட்டின் பெயரைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது வாங்கில் ஒரு பிள்ளை கையை உயர்த்திக்கொண்டிருந்தாள். அவள் கையை உயர்த்தி அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. கேட்டாலும் வாய் திறக்காத பிள்ளை. அவள் பாலர் வகுப்பில் இருந்தபோதே தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போய்விட்டார் என்பது எல்லா டீச்சருக்கும் தெரியும். எந்த நாடு என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. எங்களுக்கு எல்லாம் ஒரே 'வெளிநாடு'தான்.

"டீச்சர், எங்கம்மா அங்கதான் இருக்காங்க" என்றாள்.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவள் முகம் அப்படியே விரிந்துவிட்டது. அன்றைக்கு எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். "அப்படியா? அப்போ அம்மாகிட்ட கேட்டு வந்து சொல்லு" என்று நானேதான் சொன்னேன்.

தாய்க்கு வெள்ளிக்கிழமைகளில்தான் போன் கையில் கிடைக்கும். அதனால் திங்கட்கிழமை காலைகளில் பிள்ளை புதுச் செய்தியோடு வருவாள். அந்த ஊர் நம் ஊர் மாதிரி மேடும் பள்ளமுமாக, வீடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல இருக்குமாம். வீடெல்லாம் வெள்ளைக் கல்லாம். வாரத்துக்கு ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர் வருமாம், அன்றைக்கே மொட்டைமாடித் தாங்கியை நிரப்பிக்கொள்ள வேண்டுமாம். ஒரு திங்கட்கிழமை மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"டீச்சர், அங்க காஸ் சிலிண்டர் விக்கிற லொறி பாட்டுப் போட்டுக்கிட்டு வருமாம். அம்மா ரெக்கோட் பண்ணி அனுப்பினாங்க. நம்ம ரோட்டுல பாண் விக்க வர்ற ஆட்டோ போடுதே, அதே பாட்டு டீச்சர்!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பின்வாங்குப் பையன் ஒருவன் அந்த மெட்டை மூக்கால் பாடிக் காட்டினான், இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். அவளும் சிரித்தாள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் என்னவோ உறுத்தியது. கூடாரம், ஒட்டகம் என்று நான் எழுதிப் போட, காஸ் லொறி, தண்ணீர்த் தாங்கி என்று அவள் கொண்டு வந்துகொண்டிருந்தாள். "சரி, சரி, உக்காரு. இப்ப குறிப்பை எழுதுங்க" என்றேன். அடுத்தடுத்த வாரங்களில் அந்த "சரி, சரி" சீக்கிரமாக வரத் தொடங்கியது.

பெப்ரவரி நடுப்பகுதியில், வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்து ஓர் அதிகாரி வகுப்பைப் பார்க்க வந்தார். பின்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, என் குறிப்புக் கொப்பியை மடியில் விரித்து வைத்துக்கொண்டார். அன்றைக்குத் திங்கட்கிழமையாக அமைந்தது என் போதாத காலம்.

"ஜோர்தானின் காலநிலை எப்படிப்பட்டது?" என்று வகுப்பைக் கேட்டேன்.

"ஆண்டு முழுவதும் கடும் வெப்பம் நிலவும்" என்று முப்பது குரல்கள் ஒன்றாகச் சொல்லின. ஒரு கை மட்டும் உயர்ந்தது.

"இல்ல டீச்சர், அங்க இப்ப ஐஸ் கொட்டுது. மொட்டைமாடி, கார், ரோடு எல்லாம் வெள்ளையா இருக்கு. அம்மா அதுக்குள்ள நிண்டு படம் எடுத்து அனுப்பியிருக்காங்க."

அதிகாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு குறிப்பைப் பார்த்தார். எனக்குக் காது சூடேறியது.

"பாலைவனத்துல ஐஸ் கொட்டுமா? கதை விடாத."

"நெசமா டீச்சர். அப்பா போன்ல படம் இருக்கு. நாளைக்குக் கொண்டு வரவா?"

"போன் கொண்டு வரக்கூடாதுன்னு தெரியாதா உனக்கு?" அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "உங்கம்மா குசினியில சமைக்கக்குள்ள ஜன்னலால பாக்கிறதெல்லாம் புவியியல் இல்ல. உக்காரு."

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் பகிடி விட்டால் சிரிக்க வேண்டும் என்று பழகிய பிள்ளைகள். அதிகாரியும் இலேசாகச் சிரித்தார். அவள் உட்கார்ந்தாள். அழவில்லை. கொப்பியைத் திறந்து, குறிப்பில் 'கடும் வெப்பம்' என்ற இடத்தின் கீழே அடிமட்டம் வைத்துக் கோடு போட்டாள்.

அன்று பின்னேரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போனை எடுத்துத் தேடினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெள்ளைக் கல் வீடுகள், மேட்டுத் தெருக்கள், எல்லாவற்றின் மேலும் வெண்பனி. கார்களின் கூரையில் ஒரு சாண் உயரத்துக்கு. கூடாரம் ஒன்றைக்கூட அந்தத் தெருக்களில் காணவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என்னுடையது ஏட்டிலேயே பிழையான சுரைக்காய்.

ஆகவே தெரியாமல் செய்த பிழை என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. அன்று மாலையே தெரியும். மறுநாள் வகுப்பில் ஒரு வார்த்தை போதும்: 'பிள்ளைகளே, நேற்று டீச்சர் சொன்னது பிழை, அவள் சொன்னதுதான் சரி.' பத்து விநாடி வேலை. குறிப்பை மாற்றினால் அதிபருக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமே, அதிகாரியின் அறிக்கை வேறு வரப்போகிறதே என்று காரணம் தேடினேன். அவையெல்லாம் சாட்டு.

உண்மையான காரணம் வேறு. என் அக்காவும் அப்படிப் போனவர்தான். நான் ஆசிரியர் கலாசாலையில் படித்த இரண்டு வருடமும் அவர் வெளிநாட்டில் ஒரு வீட்டில் தரை துடைத்தார். அக்கா எங்கே என்று கேட்ட சிநேகிதிகளிடம் 'கொழும்பில் கலியாணம் முடித்து இருக்கிறா' என்று சொல்லி வந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான். இந்தப் பிள்ளையோ மறைக்க எதுவுமே இல்லாதவளாக, முப்பது பேர் முன்னால், ஓர் அதிகாரியின் முன்னால், "எங்கம்மா, எங்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது என்னால் தாங்க முடியாமல் இருந்தது. அவள் வாயை மூடியது ஐஸுக்காக மட்டுமல்ல.

அடுத்த திங்கட்கிழமை கை உயரவில்லை. அதற்கடுத்த திங்களும் இல்லை. "அம்மா என்ன சொன்னாங்க?" என்று ஒரு முறை கேட்டுப் பார்த்தேன். "ஒண்ணும் சொல்லல்ல டீச்சர்" என்றாள், மரியாதையாக எழுந்து நின்று.

கண்காட்சி ஏப்ரலில் நடந்தது. ஆற்று மணல் கொண்டுவந்து கொட்டினோம். பழைய சேலையில் கூடாரம் கட்டினோம். பிரிஸ்டல் போர்டில் வெட்டிய ஒட்டகத்துக்குத் தேயிலைச் சாயம் பூசினோம். விளக்கம் சொல்ல அவளையே நிறுத்தினேன், ஏதோ பரிகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு. ஓர் எழுத்துப் பிசகாமல் குறிப்பைச் சொன்னாள். எங்களுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது.

மே மாதம், இரண்டாம் தவணை தொடங்கிய முதல் கிழமையில், பாடசாலை விடும் நேரத்துக்கு ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். என் வயதுதான் இருக்கும். கையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம். ஒரு மாத லீவில் வந்திருந்த அந்தப் பிள்ளையின் தாய்.

"வாங்கம்மா, உக்காருங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"நீங்கதானே டீச்சர், அந்த நாட்டைப் படிச்சுக் குடுத்தது? உங்களுக்குக் கும்பிடு போட்டுட்டுப் போகணும்னுதான் வந்தேன்" என்றார். பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார்.

"நான் போகக்குள்ள இவ சின்னப் புள்ள. போன்ல பேசினா 'சாப்பிட்டியா'ம்பேன், 'ம்'ம்பா. 'படிச்சியா'ம்பேன், 'ம்'ம்பா. அதோட முடிஞ்சிரும். இந்த வருசம் ஆரம்பத்துலதான் டீச்சர், அவளா கேக்க ஆரம்பிச்சா. அங்க வீடு எப்படி, தண்ணி எப்படி, ரோட்டுல என்ன போகுதுன்னு. ஏழு வருசமா அந்த ஊர்ல இருக்கேன், நான் எதையும் நிமிந்து பாத்ததில்ல. இவ கேக்கிறாளேன்னு உடுப்புக் காயப்போட மேல போறப்ப பாப்பேன். வெள்ளிக்கிழமைக்குச் சொல்லணுமேன்னு ஒவ்வொண்ணா ஞாபகம் வச்சுக்குவேன். ஐஸ் கொட்டின அண்ணைக்கு வீட்டுக்காரம்மா ஏசினாலும் பரவால்லன்னு வெளிய ஓடிப்போய் நிண்டு படம் எடுத்தேன்."

சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்குப் பிறகு திடீர்னு கேக்கிறத விட்டுட்டா. திரும்பப் பழைய மாதிரி 'ம்'தான். இப்ப நேர்ல வந்தும் என்கூடப் பேச்சே இல்ல. நானும் எவ்வளவோ சொல்லிப் பாக்கிறேன். ஏன் டீச்சர், அந்தப் பாடம் முடிஞ்சிருச்சா?"

"ஆமா" என்றேன். "முடிஞ்சிருச்சு."

"அதான பாத்தேன்" என்றார், நிம்மதியாக. "முடிஞ்சா இந்தத் தவணைக்கும் அதே நாட்டைக் குடுங்க டீச்சர். நான் இன்னும் மூணு கிழமையில திரும்பிப் போயிருவேன்."

அப்போது பிள்ளை புத்தகப் பையோடு வந்து வாசலில் நின்றாள். தாயின் அருகில் வரவில்லை, கதவுக்கு அந்தப் பக்கமாக நின்றாள். இப்போதாவது சரிசெய்துவிடலாம் என்று எனக்கு அவசரம் பிறந்தது. மன்னிப்புக் கேட்காமலே சரிசெய்துவிடும் அவசரம்.

"இங்க வா. அம்மா இருக்கிற ஊர்ல ஐஸ் கொட்டும்னு ஒருநாள் சொன்னியே, அதைப் பத்தி அம்மாகிட்ட இன்னும் கேளேன்" என்றேன், குழைவாக.

அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள். தாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அங்க ஐஸ் கொட்டாது டீச்சர். ஜோர்தான் ஒரு பாலைவன நாடாகும். ஆண்டு முழுவதும் கடும் வெப்பம் நிலவும்."

"அடியே! நான் படம் அனுப்பினேனேடி" என்று தாய் சிரித்தபடி சொல்லத் தொடங்கினார். பாதியில் சிரிப்பு நின்றது. மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் மேசையில் இருந்த கொப்பிகளை அடுக்கினேன்.

அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று பல காலம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். மகளிடம் இருந்து புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "வர்றோம் டீச்சர்" என்றார். இருவரும் தோட்டத்து லயன் வீடுகளுக்குப் போகும் படிகளில் இறங்கினார்கள். தாய் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். பிள்ளை இரண்டு படி முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.